ஃப்ரீஸும் ஒரு லாக்குதான்

மார்ச் 3, திங்கள்

லினக்ஸ் கர்னல்ல டிஸ்க் ஸ்டோரேஜ் பக்கம் ஒரு லாக்கை (ஒரு நேரத்துல ஒருத்தனை மட்டும் உள்ள விடற பூட்டு) ரெண்டா பிரிக்கிற பேட்ச், அதாவது கோடு மாற்றம், ஒரு பையன் எழுதி என்கிட்ட ரிவ்யூவுக்கு வந்திருக்கு. இப்போ க்யூ, அதாவது டிஸ்க்குக்குப் போற ரிக்வெஸ்ட் நிக்கற வரிசை, அதோட செட்டிங் எதைத் தொட்டாலும் ஒரே மியூடெக்ஸ், அந்த ஒரே லாக்தான். எந்த ரிக்வெஸ்ட் முதல்ல போகணும்னு முடிவு பண்ற ஐஓ ஷெட்யூலரை மாத்தறதுக்கும் அதான், சும்மா க்யூ டெப்த் (க்யூல எத்தனை ரிக்வெஸ்ட் நிக்கலாம்) எவ்ளோன்னு சிஸ்எஃப்எஸ்ல, அதாவது கர்னல் செட்டிங்கை ஃபைல் மாதிரி காட்டற இடத்துல, படிக்கறதுக்கும் அதான், டிஸ்க் பிசியா இருக்கறப்போ ஒருத்தன் ஷெட்யூலரை மாத்தினா படிக்க வந்தவன் தேமேன்னு நிக்கணும். அதனால ஷெட்யூலருக்கு தனி மியூடெக்ஸ். ஐடியா சரிதான். 140 வரி, அரை மணி வேலைன்னு நெனச்சேன்.

மார்ச் 4, செவ்வாய்

ரெண்டு லாக்குன்னு வந்துட்டா முதல்ல வரிசையைத்தான் பார்ப்பேன். ஒரு பாதை இதை எடுத்துட்டு அதைக் கேக்குது, இன்னொண்ணு அதை எடுத்துட்டு இதைக் கேக்குதுன்னா ரெண்டும் அப்படியே செத்து நிக்கும், அதான் டெட்லாக். பேப்பர்ல எழுதிப் பார்த்தேன், ஆறு இடம், எல்லாத்துலயும் ஒரே வரிசை. லாக் வரிசை தப்பினா கத்தற கர்னல் டூல் லாக்டெப்பும் கம்முனு இருக்கு. ஒரே ஒரு எரர் பாதைல மட்டும் கோட்டூ (கோடுல வேற வரிக்குத் தாவற கட்டளை) தப்பான லேபிளுக்குப் போய், லாக்கை விடுவிச்சுட்டு, நிறுத்தி வச்ச க்யூவை மட்டும் திரும்ப ஓட விடாம (அன்ஃப்ரீஸ் பண்ணாம) வெளிய வந்துடுது. குறிச்சு வச்சேன்.

மார்ச் 6, வியாழன்

அந்த கோட்டூவைப் பார்க்கப் போய்த்தான் மேல இருக்கற வரி கண்ல பட்டுது. க்யூவை ஃப்ரீஸ் பண்றான், அதாவது உள்ள ஓடிட்டிருக்கற ரிக்வெஸ்ட் எல்லாம் முடியற வரைக்கும் காத்திருந்து, புதுசா எதையும் உள்ள விடாம வாசலை அடைச்சாச்சு. அடுத்த வரியிலயே புது ஷெட்யூலருக்கு மெமரி கேக்குறான், அதுவும் ஜிஎஃப்பி கெர்னல் போட்டு, அதாவது மெமரி இல்லேன்னா காத்திருந்து தேடிக் கொடுன்னு சொல்ற ஃப்ளாக். மெமரி தாராளமா இருந்தா ஒண்ணும் ஆகாது. இல்லேன்னா கர்னல் ரீக்ளைம்ல, அதாவது மெமரியைக் காலி பண்ற வேலைல, இறங்கி பழைய பேஜ் (மெமரித் துண்டு) எதையாவது ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்ல ஒதுக்கின இடத்துக்கு, தள்ளப் பார்க்கும், ஸ்வாப் அதே டிஸ்க்ல இருந்தா அந்த ரைட் வாசல்ல நிக்கும், வாசலைத் திறக்க வேண்டியவன் யாரு, மெமரிக்காக அந்த ரைட்டையே அனுப்பிட்டு நிக்கற இதே த்ரெட் (ஓடிட்டிருக்கற இதே கோடு). சாவியை உள்ள வச்சுப் பூட்டினவனே வெளிய மாட்டிக்கிட்ட கதை.

லாக்டெப் ஏன் கத்தலைன்னா, ஃப்ரீஸ் பேருக்கு லாக் கிடையாது, ஒரு கவுன்ட்டர் ஜீரோ ஆகுறதுக்குக் காத்திருக்கறது, அவ்ளோதான். புது கர்னல்ல அதையும் லாக் மாதிரியே லாக்டெப்புக்குச் சொல்லி வச்சிருக்காங்க, நாங்க வச்சிருக்கறது அதுக்கு முந்தினது.

மார்ச் 7, வெள்ளி

நிஜமாவே நிக்குதான்னு பார்க்க 512 எம்பி மெமரியோட ஒரு விஎம் (கம்ப்யூட்டருக்குள்ள ஓடற போலி கம்ப்யூட்டர்), அதே டிஸ்க்ல ஸ்வாப், ஒரு பக்கம் மெமரியைத் தின்னுற ப்ரோக்ராம், இன்னொரு பக்கம் ஷெட்யூலரை மாத்தி மாத்தி எழுதற லூப். ரெண்டு தடவை ஒண்ணும் ஆகலை, சரி நம்ம பயந்தது வீண்தானோன்னு தோணிச்சு. மூணாவது தடவை திரை உறைஞ்சுது, கொஞ்ச நேரத்துல டாஸ்க் 120 செகண்டுக்கு மேல பிளாக்னு கர்னல் புலம்ப ஆரம்பிச்சுது. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுதுன்னு காட்டற ஸ்டாக் ட்ரேஸ்ல கீழ ஷெட்யூலர் மாத்தற ஃபங்ஷன், நடுவுல ரீக்ளைம், உச்சில க்யூவுக்குள்ள நுழையக் காத்திருக்கறது. மூணும் ஒரே த்ரெட்ல.

பேட்ச் எழுதின பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணா, அந்த எடத்துல லாக்கே இல்லையேண்ணா"ன்னான். ட்ரேஸை அனுப்பிட்டு பேசாம இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு "ஐயோ"ன்னு மட்டும் பதில்.

மெமரி கேக்கறப்போ டிஸ்க்கைத் தொடாதேன்னு சொல்ற நோஐஓ ஃப்ளாக் போட்டாலும் ரீக்ளைம் டிஸ்க் பக்கம் போகாது, சரியாயிடும். எனக்கு அது பிடிக்கலை, நாளைக்கு வேற எவனாவது அதே இடத்துல இன்னொரு அலோகேஷன் (மெமரி கேக்கற வரி) சேர்த்தா திரும்ப இதே கதை. ஃப்ரீஸுக்கு முன்னாடியே மெமரியை வாங்கி வச்சுக்கோன்னு சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

ரெண்டாவது வெர்ஷன் வந்துது. அலோகேஷன் மேல போயிடுச்சு, கோட்டூவும் சரி, லூப் ராத்திரி முழுக்க ஓடியும் நிக்கலை. ஆனா மாற்றம் எதுக்குன்னு சொல்ற கமிட் மெசேஜ்ல "சின்ன க்ளீனப்"னு போட்டிருக்கான். டெட்லாக்கை விவரமா எழுது, ட்ரேஸையும் ஒட்டுன்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டேன்.