துரு போக மிச்சம் வண்டி

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் இரும்பை வாங்குவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். என் மச்சினனும் அப்படித்தான் நினைத்தான். 1951ஆம் வருடத்து டாட்ஜ், அமெரிக்க வண்டி. "மாமா, அந்தக் காலத்துத் தகடு. தட்டிப் பாருங்க, சத்தமே வேற மாதிரி இருக்கும்" என்றான். தட்டினோம். சத்தம் வேறு மாதிரிதான் இருந்தது. கூடவே கதவுக்குக் கீழிருந்து ஒரு கைப்பிடி அளவு பழுப்புத் தூள் கொட்டியது.

இரும்பு துருவாக மாறும்போது பருமனில் பல மடங்கு ஊதிவிடும். நட்டு போல்ட்டைக் கட்டிக்கொண்டு கழல மறுப்பதும், இரண்டு தகடு சேரும் மடிப்பு உப்பிப் பிரிவதும் அதனால்தான். ஆகவே பழைய வண்டியில் தடிமனாகத் தெரிகிற இடமெல்லாம் பலமான இடம் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சும்மா அழுத்திப் பார்க்க வேண்டும். மச்சினன் அழுத்தினான். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. "இந்த இடம் கொஞ்சம் சாஃப்டா இருக்கு மாமா" என்றான். அவன் நம்பிக்கை மட்டும் துருப்பிடிக்காத ரகம்.

முதலில் சக்கரங்களைக் கழற்றுவது என்று முடிவானது. வலப்பக்கம் மரியாதையாகக் கழன்று வந்தது. இடப்பக்கம் அசையவில்லை. அசிட்டோனையும் கியர் ஆயிலையும், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுவார்களே அந்த எண்ணெயையும், சரிபாதி கலந்து மரையில் விட்டு ஊற வைத்தான். நட்டைச் சுற்றி நெருப்புக் காட்டினான். நட்டு விரிந்தால் பிடி தளரும் என்பது உண்மையான வித்தைதான், பல இடங்களில் கைகொடுக்கும். இங்கே கொடுக்கவில்லை. ஸ்பேனரில் நீளமாக ஒரு பைப்பைச் செருகி அதன் மேல் ஏறி நின்றான். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். என் பொறுப்பு வெளிச்சம் மட்டும்.

நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமனார், "ஏம்பா, அந்தப் பக்கமாத் திருப்பிப் பார்த்தியா?" என்று கேட்டார். மச்சினன் என்னைப் பார்த்து, அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் போல்ட் 'டக்' என்று முறிந்தது.

முறிந்து விழுந்த துண்டை வயர் பிரஷால் தேய்த்தபோது முனையில் ஒரு எழுத்து தெரிந்தது. 'எல்'. லெஃப்ட். அந்தக் காலத்து டாட்ஜ், கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இட மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும் மரை. சக்கரம் சுற்றுகிற வேகத்தில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. இவன் அதுவரை பைப் மேல் ஏறி நின்று, எழுபது வருடத்துக்கு முன் முறுக்கியது போதாது என்று இன்னும் கொஞ்சம் முறுக்கியிருக்கிறான். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்து, கழற்றிய பாகங்களின் துருவை எடுப்பது. இதில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சின்னச் சின்ன பிராக்கெட், கொக்கி, கீல் இதற்கெல்லாம் வினிகர் போதும். ஒரு நாள் ஊறப்போட்டுத் தேய்த்துவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசினால் மிச்ச அமிலமும் போய்விடும். ஸ்பிரிங்கையும் உறுதி கூடிய போல்ட்டையும் மட்டும் அமிலத்தில் போடக் கூடாது. இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஓடும்போது கைவிடும்.

மச்சினனுக்கு வினிகரில் மரியாதை இல்லை. மின்சாரம் வேண்டும் என்றான். நல்ல முறைதான். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தை நடுவில் தொங்கவிட்டு பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை அதில் மாட்ட வேண்டும். பாசிட்டிவ் முனையை ஒரு பலிகடா இரும்பில். கட்டடக் கம்பித் துண்டுகள் இதற்கு ரொம்பப் பொருத்தம்.

ஆனால் அவன் எடுத்து வந்தது எவர்சில்வர் தட்டு. நல்லவேளை, என் மனைவி வாசலிலேயே மறித்தாள். அவள் மறித்தது அது தன் தட்டு என்பதற்காக. நான் ஆமோதித்தது வேறு காரணத்துக்காக. எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. இப்படிக் கரண்ட் பாய்ச்சினால் அது நச்சுத்தன்மையுள்ள வடிவத்தில் தண்ணீரில் இறங்கும், அப்புறம் அந்தத் தண்ணீரை எங்கேயும் கொட்ட முடியாது. அதேபோல சலவை சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். சரியான முறையில் செய்தாலும் ஹைட்ரஜன் குமிழி வந்துகொண்டே இருக்கும் என்பதால் தொட்டி திறந்தவெளியில் இருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது.

சார்ஜர் ஒத்துழைக்கவில்லை. அது புதிய புத்திசாலி சார்ஜர். முனையில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்ட் விடும். தொட்டியைப் பார்த்தது, இது பேட்டரி இல்லை என்று கண்டுபிடித்து விளக்கை அணைத்துக்கொண்டது. கடைசியில் மாமனார் பரணிலிருந்து தன் பழைய சார்ஜரை எடுத்துக் கொடுத்தார். அதற்கு எந்தக் கேள்வியும் கேட்கத் தெரியாது. இந்த வேலைக்கு அந்தக் குணம்தான் தேவை.

பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டைத் தொங்கவிட்டாயிற்று. எந்த முனை எதில் என்று மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டு நான் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால் கம்பித் துண்டுகளின் துருவெல்லாம் கரும்பொடியாக இளகி, லேசாகத் தேய்த்ததும் சுத்தமான இரும்பு தெரிந்தது. பிராக்கெட் முன்பைவிட மோசமாக, ஓரமெல்லாம் அரிபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாத்தி மாட்டிட்டியா?"

"மாத்தித்தான் மாட்டினேன் மாமா. நீங்க சொன்னது தப்புன்னு தோணிச்சு. இந்த வண்டியில பாசிட்டிவ்தானே பாடியில வரும்?"

அவன் சொன்ன தகவல் சரிதான். அந்த டாட்ஜில் 6 வோல்ட் பேட்டரி, அதன் பாசிட்டிவ் முனைதான் பாடியில் மாட்டியிருக்கும். பின்னாளில் 12 வோல்ட் வந்து நெகட்டிவ் பாடிக்குப் போனது. "அதனால, இந்த இரும்புக்குப் பாசிட்டிவ்தான் பழக்கம்னு நெனச்சேன்" என்றான். இவ்வளவு அக்கறையாக யோசித்துச் செய்தவனை எப்படித் திட்டுவது? மாமனார் அந்தக் கம்பித் துண்டுகளை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அருமையா வந்திருக்கு" என்றார்.

முனையை மாற்றி, இன்னொரு பிராக்கெட்டைப் போட்டதும் முறை தன் வேலையைக் காட்டியது. கம்பியைப் பார்த்த பக்கம்தான் சீக்கிரம் சுத்தமாகும் என்பதால் தொட்டியைச் சுற்றிலும் கம்பி நிறுத்த வேண்டியிருந்தது. வெளியே எடுத்து அலசினோம். துணியை எடுக்கத் திரும்புவதற்குள் இரும்பின் மேல் லேசான ஆரஞ்சு நிறம் பூத்துவிட்டது. அப்போதுதான் துரு நீங்கிய இரும்பு ஈரத்தோடு இருந்தால் நிமிஷக் கணக்கில் மறுபடி துருப்பிடிக்கும். வெந்நீரில் அலசி உடனே காற்றடித்துக் காய வைத்து, கையோடு ப்ரைமரோ எண்ணெயோ பூசிவிட வேண்டும். காற்றடிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தோம். மனைவியின் ஹேர் டிரையர் இருந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு இங்கே எழுதுவதாக இல்லை.

தகட்டு வேலைக்கு வருவோம். எங்கே தகடு, எங்கே பட்டி என்று கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். பட்டியில் ஒட்டாது. மச்சினன் ஃபிரிட்ஜிலிருந்து காந்தத்தை எடுத்து வந்து கேபினைச் சுற்றினான். பானெட்டில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. கேபினின் பின்மூலைக்கு வந்ததும் வழுக்கிக் கீழே விழுந்தது. பிக்கப்புகளில் முதலில் இத்துப்போகிற இடங்களில் அதுவும் ஒன்று. சேறும் சருகும் சேர்ந்து தண்ணீர் வடியும் துளையை அடைத்துக்கொள்ளும், அப்புறம் உள்ளிருந்தே அரிக்கும். முகமூடி மாட்டிக்கொண்டு தேய்த்தோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. பட்டி பாளம் பாளமாக வந்தது. அதற்குப் பின்னால் தகடு இல்லை, செய்தித்தாள் இருந்தது. முன்பு யாரோ ஓட்டையில் தாளைத் திணித்து மேலே பட்டி பார்த்திருக்கிறார்கள். பாதி போட்ட குறுக்கெழுத்துப் புதிர் ஒன்று முழுசாகக் கிடைத்தது. அந்த மனிதர் இரண்டு வேலையையுமே பாதியில் விட்டவர். புதிரை மாமனார் வாங்கிக்கொண்டார்.

பின்மூலையையும் கதவுக்குக் கீழே இருந்த தகட்டையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அப்படி வெட்டுவதற்கு முன் கேபினுக்குள் குறுக்கே இரும்பு பைப் வைத்து முட்டுக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கேபின் கொஞ்சம் நெளியும், அப்புறம் எந்தக் கதவும் சரியாக மூடாது. இதை மட்டும் மச்சினன் எதிர்வாதம் இல்லாமல் கேட்டான், அளவுக்கு மேலேயே கேட்டான். இரண்டு கதவு வாசலிலும் பெருக்கல் குறி மாதிரி பைப் வைத்து நன்றாக வெல்டிங் வைத்துவிட்டான். இப்போது கேபின் அசையாது. யாரும் உள்ளே போகவும் முடியாது.

அவன் போகிறான். வேலை முடிந்ததும் தினமும் சாயங்காலம் ஜன்னல் வழியாகத் தலையை முதலில் விட்டு, காலை இழுத்துக்கொண்டு, சீட் இல்லாத கேபினில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறான். வண்டிக்குச் சக்கரம் இல்லை, தரை இல்லை, இடப்பக்கம் மூலையே இல்லை. நேற்று மாமனார் பேனாவும் புதிருமாகப் பக்கத்தில் வந்து நின்று, "போற வழியில என்னையும் இறக்கி விட்டுடுப்பா" என்றார்.