அதே ஆளா, அண்ணா?

“மார்ச்சுல ஒரு மணி நேரம் கூடுதலாப் போகுது, நவம்பர்ல ஒண்ணு குறையுது. வருசக் கணக்குல நேராயிரும்மா.”

சொன்னது நான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், என் டீமில் வேலை பார்த்த பெண் கேட்டாள்: “ரெண்டும் அதே ஆளா, அண்ணா?”

2023 அக்டோபர் கடைசி வாரம். எங்கள் சாஃப்ட்வேர் ரிலீசுக்கு நான்கு நாள். “ரிலீஸ் முடியட்டும், பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிவிட்டேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது மாடிப்படியிலேயே எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் ஓஹையோ பக்கத்து முதியோர் இல்லங்களுக்கான வருகைப் பதிவு சாஃப்ட்வேர் அது. நர்சுகளும் உதவியாளர்களும் வரும்போது ஒரு பஞ்ச், போகும்போது ஒரு பஞ்ச். இரண்டையும் கழித்து, வரும் மணிக்கணக்கைச் சம்பளப் பட்டியலுக்கு அனுப்புவோம். சுவர்க் கடிகாரம் காட்டும் நேரம் அப்படியே டேட்டாபேசில் ஏறும். எந்த டைம் ஜோன் என்ற குறிப்புகூட இருக்காது. இரவு 11 மணிக்கு வந்து காலை 7 மணிக்குப் போனால் எட்டு மணி நேரம். வருடத்தில் 363 இரவுகளுக்கு இது சரி.

நவம்பர் முதல் ஞாயிறு, அதிகாலை இரண்டு மணி ஆனதும், வெயில் காலத்துக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த கடிகாரத்தை அங்கே ஒன்றுக்குத் திருப்புவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வரையான நேரம் இன்னொரு தடவை வரும். அன்று 11-க்கு வந்து 7-க்குப் போகிறவர் ஒன்பது மணி நேரம் வேலை பார்த்திருப்பார். எங்கள் கணக்கில் எட்டு. மார்ச் இரண்டாம் ஞாயிறு இதற்குத் தலைகீழ்: இரண்டு ஆக வேண்டிய நேரத்தில் மூன்று ஆகிவிடும், ஏழு மணி நேர வேலைக்கு எட்டு மணிக் கூலி. அமெரிக்காவில் 2007 முதல் இந்த இரண்டு ஞாயிறுகள்தான்.

நேராகிவிடும் என்றது இதை வைத்துத்தான். ஆனால் மார்ச்சில் டூட்டி பார்த்தவருக்குப் போன பணம், நவம்பரில் நைட் பார்த்தவர் கைக்கு எப்படி வரும்? இன்னொன்றும் உண்டு. அங்கே வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி. ஐந்து இரவு எட்டு எட்டாகப் பார்த்தவருக்கு அந்தக் கூடுதல் மணி 41-ஆவது. ஏழுக்கு எட்டாகக் கொடுப்பது முதலாளியின் தாராளம். ஒன்பதுக்கு எட்டாகக் கொடுத்தால், அது பாக்கி.

அவளுக்கு இது சட்டென்று பட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் முழு நைட். “விடிஞ்சு வந்தா செருப்பக்கூடக் கழட்டாம திண்ணையில அப்படியே உக்காந்துருவாரு அண்ணா. அதுக்கு மேல இன்னும் ஒரு மணி நேரம்னா…” என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு அது டெஸ்ட் கேஸ் பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே தெரிந்தது.

தெரியாமல் செய்ததாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே கடிகாரம் திரும்பியதும் எங்கள் மாலை அழைப்பு ஆறரையிலிருந்து ஏழரைக்குத் தள்ளிப்போகும். அவளுக்குப் புது பஸ் ஸ்டாண்டில் வழக்கமான பஸ் தவறிவிடும் என்று நானே ஷிப்ட் நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். உலகப் பொது நேரமான யூடிசியோடு உள்ள வித்தியாசத்தை ‘மைனஸ் ஐந்து’ என்று எண்ணாக எழுதி வைக்காதே, கடிகாரம் திரும்பினால் அது மாறிவிடும், ‘அமெரிக்கா/நியூயார்க்’ என்று ஜோனின் பெயரையே வை என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவனும் நான்தான். அந்தக் கோட் எனக்கு முன்பிருந்தவர்கள் எழுதியது. சுவர்க் கடிகார நேரத்தைத்தான் வைக்க வேண்டும் என்று கிளையண்டே எழுதித் தந்திருந்தார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ரிலீஸ் போனது. நவம்பர் 5 வந்து போனது. யாரும் புகார் சொல்லவில்லை.

டிசம்பரில் அவளே உட்கார்ந்து சரிசெய்தாள். பஞ்ச் ஆன கணத்தை யூடிசியில் வைத்து, ஜோன் பெயரைப் பக்கத்தில் சேர்த்து, கழித்தலை யூடிசியில் செய்து, திரையில் மட்டும் உள்ளூர் நேரமாகக் காட்டினாள். மொத்தம் இரண்டு நாள் வேலை. அப்படியே அடுத்த மாத டூட்டி அட்டவணையையும் யூடிசிக்கு மாற்றிவிடு என்றேன். மாட்டேன் என்றாள். நடந்து முடிந்ததற்கு யூடிசி சரி. வரப்போவதை உள்ளூர் நேரமாகவும் ஜோன் பெயராகவும்தான் வைக்க வேண்டும், நடுவில் அரசாங்கம் விதியை மாற்றிவிட்டால் காலை 7 மணி டூட்டி 6 மணி என்றோ 8 மணி என்றோ காட்டும் என்றாள். 2022-இல் மெக்சிகோவின் பெரும்பகுதி கடிகாரம் திருப்புவதையே விட்டுவிட்டது. 2023-இல் எகிப்து திரும்ப ஆரம்பித்தது. அவள் சொன்னதுதான் சரி.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வார அழைப்பில் மேனேஜர் கேட்டார்: “பழைய கணக்கு என்னாச்சு?”

நான் சொன்னேன்: “ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் விழுந்த பஞ்ச், முதல் தடவையா ரெண்டாவது தடவையான்னு பழைய டேட்டால கண்டுபிடிக்க முடியாது சார்.”

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் யார் பஞ்ச் வைக்கிறார்கள்? வருவது 11-க்கு, போவது 7-க்கு. அதில் எந்தக் குழப்பமும் இல்லை. அந்தத் தேதியில் ஒன்றுக்கு முன் வந்து இரண்டுக்குப் பின் போனவர்களை எடுத்தால் போதும், ஆளுக்கு ஒரு மணி நேரம் பாக்கி. மேனேஜர் “சரி, விடுங்க” என்றார். அவளும் அழைப்பில் இருந்தாள். மைக்கை அணைத்து வைத்திருந்தாள். முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு “வர்றேண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

பழைய சம்பளக் கணக்கைத் திறக்கச் சொன்னால் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடும், டீமில் நாலு பேருக்கு வேலை போகும் என்று நினைத்தேன். அப்படி யாரும் என்னை மிரட்டவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. தவறான நினைப்பு என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒருநாள் வேறு வேலையாக டைம் ஜோன் தரவுத்தளத்தைத் திறந்தேன். உலகத்துக் கம்ப்யூட்டர்களும் போன்களும் பெரும்பாலும் நம்பியிருக்கும் அந்த விதிகள் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான்; ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி வைத்தது, பால் எகர்ட் இன்றுவரை பராமரிக்கிறார். கொல்கத்தா என்ற பெயரின் கீழ் நம் நாட்டு வரிகள். தொடக்கத்துக் கொல்கத்தா நேரங்களுக்குப் பின் ஒரு மெட்ராஸ் நேரம், யூடிசியைவிட ஐந்து மணி 21 நிமிடம் 10 வினாடி முன்னால். 1906-இல் ஐந்தரை. போர்க்காலத்தில் ஆறரை. 1945-இல் மறுபடி ஐந்தரை.

அப்படியென்றால் இங்கேயும் ஒருநாள் கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. சேலத்தில் அப்போதே மில்கள் உண்டு. அன்று முழு நைட் நின்ற ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கிடைத்ததா என்று இனி யாரும் தேடிப் பார்க்க முடியாது. ஓஹையோக்காரர்களுக்கு முடியும். அவர்களுக்கான பாக்கியை டேட்டாபேசிலிருந்து தேடி எடுக்கும் குவெரியை எழுதியும் வைத்திருக்கிறேன். ஏழு வரி. ஓட்டவில்லை.

அவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள். நான் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை.

போன நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். ஏரியில் படகுக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றபோது போனைப் பார்த்தேன். பதினொன்றரை. அங்கே கடிகாரம் ஒன்றுக்குத் திரும்பும் நேரம். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டரை வரை நான் படகில் ஏறவில்லை. மகளையும் அவள் அம்மாவையும் அனுப்பிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தேன்.