ரங்கூன் சிகரெட் பெட்டி: தகட்டுச் சோதனை நாட்குறிப்பு

ஜனவரி 11

சோதனைக்கு வந்திருப்பது ஒரு சிகரெட் பெட்டி. மூடியில் ஆங்கில எழுத்தில் ‘ரங்கூன் 23.12.41’ என்ற பொறிப்பு. நடுவே பெர்ஸ்பெக்ஸில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில்) அறுத்து ஒட்டிய சிறு இறக்கை. அன்று விழுந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானத்தின் தகடு என்பது விற்பவர் சொல். அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்தது உண்மைதான். ஜப்பானின் கி-21 குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. ரங்கூனின் மிங்கலாடோன் விமானதளத்திலிருந்து டோமஹாக், பஃபலோ போர் விமானங்கள் எழும்பி எதிர்த்தன. ஆனால் தேதியை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். அதனால் பொறிப்பைக் கடைசிக்கு வைத்துவிட்டோம்.

பிராசோ என்ற உலோகப் பாலிஷ், புளி, எலுமிச்சை எதுவும் இதன் மேல் படக்கூடாது. மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் பெயின்ட்தான் நமக்கு முக்கியமான சாட்சி. துலக்கினால் முதலில் போவது அதுதான்.

ஜனவரி 12

அடர்த்தி. பெட்டியை முழுதாக நிறுத்துப் பயனில்லை. பித்தளைக் கீல் ஊசியும் பெர்ஸ்பெக்ஸும் கணக்கைக் கெடுக்கும். கழன்று வரும் உள்தடுப்புத் தகட்டை மட்டும் எடுத்தோம். காற்றில் 6.12 கிராம். மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டபோது எடை 2.20 கிராம் குறைந்தது. 6.12-ஐ 2.20-ஆல் வகுத்தால் 2.78. விமானத் தகடுகளுக்கான, செம்பு கலந்த அலுமினியக் கலவையான டியூராலுமின் இந்த இடத்தில்தான் நிற்கும். சுத்த அலுமினியம் 2.70, அதுவாக இருந்தால் 2.27 கிராம் குறைந்திருக்கும். இரண்டுக்கும் இடையே 0.07 கிராம்தான். சமையலறைத் தராசில் இது தெரியாது, 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசு வேண்டும். அது கிராமுக்குப் பதில் டிக்கல் என்ற பர்மிய எடைக் கணக்கில் காட்டினாலும் பரவாயில்லை, வகுக்கும்போது அலகு அடிபட்டுவிடும். தகட்டில் காற்றுக்குமிழி ஒட்டினால் அடர்த்தி குறைவாக வரும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் குமிழி விலகும்.

ஜனவரி 14

காஸ்டிக் சோடா. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தடுப்புத் தகட்டின் வெட்டு விளிம்பில் ஒரு சொட்டு, அதன் தட்டையான மேல்முகத்தில் ஒரு சொட்டு. இரண்டு நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். விளிம்பின் நடுப்பகுதி கறுத்தது, முகம் வெள்ளையாகவே இருந்தது. கறுப்பு என்பது கலவையில் உள்ள செம்பு. முகம் கறுக்காததற்குக் காரணம், இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்திய ஆல்கிளாட் தகடு இது. சோறு வடிக்கும் அலுமினியப் பாத்திரத்தில் எங்கே சொட்டு விட்டாலும் கறுக்காது. சந்தையில் கிடைக்கும் போலிகளைக் கழிக்க இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும்.

ஜனவரி 17

எந்த நாட்டுத் தகடு? மைக்ரோமீட்டரில் தட்டையான இடத்தில் 0.81 மில்லிமீட்டர். மடிப்பில் தகடு இழுபட்டு மெலிந்திருக்கும், அங்கே அளக்கக்கூடாது. 0.81 என்றால் அமெரிக்க அளவான 0.032 அங்குலம். ஆனால் ஜப்பானியர் மெட்ரிக் அளவில் உருட்டிய 0.8 தகடும் இதற்கு ஒட்டியே நிற்கும். தடிமனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

எனவே ரிவெட்டுக்குப் போனோம். பெட்டியின் ஒரு மூலையில் விமானத்தில் அடித்த பழைய ரிவெட் இரண்டு அப்படியே இருக்கின்றன. தண்டின் விட்டம் 3.2 மில்லிமீட்டர், அதாவது எட்டில் ஒரு அங்குலம். தலையின் நடுவே சிறு குழி. அமெரிக்க ‘ஏடி’ வகை ரிவெட்டின் அடையாளம் அது. மடிப்புக்குள் மஞ்சள் கலந்த பச்சை, ஒளி ஊடுருவாத பூச்சு: அரிப்பைத் தடுக்கப் பூசும் ஜிங்க் குரோமேட். ஜப்பானிய விமானங்களின் உட்பகுதியில் காணும் பூச்சு நீலப்பச்சை, கண்ணாடி போல அடியிலுள்ள உலோகத்தைக் காட்டும். இங்கே அதன் சுவடே இல்லை. குரோமேட் நஞ்சு, சுரண்டித் தூள் கிளப்பக்கூடாது.

ஜனவரி 19

பெர்ஸ்பெக்ஸ் இறக்கையை ஒட்டிய பசை புற ஊதா டார்ச்சில் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. பிற்காலத்தில் யாரோ மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அது பழுதுபார்ப்பு, பெட்டியே போலி என்று முடிவுகட்டக் காரணம் இல்லை.

பொறிப்பைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தோம். கையுளி வெட்டு, மின்கருவி விடும் புள்ளி வரிசை இல்லை. அரிப்புக்குழிகள் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் தொடர்கின்றன. பிற்பாடு வெட்டியிருந்தால் உளி அந்தக் குழிகளை அறுத்திருக்கும். ஆக, எழுத்து பழையதுதான். ஆனால் பழையது என்பதால் 1941-இல் வெட்டியது என்றாகாது. டோமஹாக்கும் பஃபலோவும் அமெரிக்கத் தயாரிப்பு. 1945-க்குள் டகோட்டா, லிபரேட்டர், தண்டர்போல்ட் விமானங்கள் என்று அமெரிக்க உலோகம் பர்மா முழுதும் விழுந்து கிடந்தது.

ஜனவரி 20

சீட்டில் எழுதியது: ‘அமெரிக்கத் தயாரிப்பு விமானத்தின் ஆல்கிளாட் தகடு. கைவேலை. பொறிப்பு பழையது, அதன் தேதிக்கு வேறு ஆதாரம் இல்லை. ஜப்பானிய விமானத்தின் தகடு அல்ல. பெர்ஸ்பெக்ஸ் மறுபடி ஒட்டப்பட்டது.’

பெட்டியை அமிலமற்ற தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைத்தாயிற்று. இந்த ஊர் மழைக்காலத்தில் டியூராலுமின் வெட்டு விளிம்பிலிருந்து ஏடு ஏடாக உரியும். மே மாதத்துக்கு முன் ஜெல்லை மாற்ற வேண்டும்.