'மஸ்' என்பதில் உள்ள குறில்

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த நான், செவிலியர் பணிக்காகக் கோயம்புத்தூரில் தங்கி ஜெர்மன் மொழி படித்து, பி-2 தேர்வில் தேறிய பிறகுதான் மியூனிக் நகருக்குப் போனேன். போன இரண்டாவது வாரமே, படித்த ஜெர்மன் அந்த ஊருக்குப் போதாது என்று தெரிந்துவிட்டது. வார்டில் இருந்த மூதாட்டி ஒருவர் தமக்கு 'ஃபுவஸ்' வலிக்கிறது என்றார். பாடப்புத்தகத்தில் 'ஃபூஸ்' என்றால் கணுக்காலுக்குக் கீழே உள்ள பாதம் மட்டும்தான். நான் போர்வையை விலக்கி, பாதத்தையும் விரல்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையிழந்து என் கையைப் பிடித்துத் தம் முழங்காலுக்கு மேலே வைத்தார். மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தின் பேச்சில் அந்தச் சொல் இடுப்பிலிருந்து விரல்நுனி வரை முழுவதையும் குறிக்கும். நாம் 'கால்' என்று சொல்வதும் அப்படித்தான் அல்லவா?

செப்டம்பர் வந்ததும் வார்டில் எல்லோருடைய பேச்சும் ஒரே திசையில் திரும்பியது. உலகம் 'அக்டோபர்ஃபெஸ்ட்' என்று அழைக்கும் அந்தப் பீர்த் திருவிழாவை மியூனிக்காரர் எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது 'வீஸ்ன்'. புல்வெளி என்பது பொருள். ஊர்ப் பொதுவில் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தையும் அங்கே நடக்கும் விழாவையும் ஒருசேர நினைத்தால், நம் 'மந்தை' என்ற சொல்தான் அதற்கு மிக அருகில் வருகிறது. 1810 அக்டோபர் 12 அன்று பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் திருமணம் நடந்தது. அதையொட்டி அக்டோபர் 17 அன்று நகருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அந்த வெளிக்கு மணமகளின் பெயராலேயே தெரேசியன்வீஸ என்று பெயர் வந்தது. பின்னாளில், குளிர் முற்றுவதற்கு முன்பே கொண்டாடிவிட வேண்டும் என்று தொடக்கத்தைச் செப்டம்பருக்கே நகர்த்திக்கொண்டார்கள்.

தொடக்க நாளான சனிக்கிழமை எனக்குப் பகல் பணி. நண்பகல் நெருங்கியதும் அந்த மூதாட்டி தலையணையை நிமிர்த்திவைக்கச் சொல்லி, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டச் சொன்னார். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நகர மேயர் மரச் சுத்தியலால் பித்தளைக் குழாயைப் பீப்பாய்க்குள் அடித்து இறக்க வேண்டும். 1950இல் தாமஸ் விம்மர் என்ற மேயர் தொடங்கி வைத்த வழக்கம் இது. எத்தனை அடியில் குழாய் இறங்குகிறது என்பதை ஊரே எண்ணிக்கொண்டிருக்கும். இறங்கியதும் மேயர் உரக்கச் சொல்லும் இரண்டே சொற்கள்: "ஓட்சாப்ஃப்ட் இஸ்!" பீப்பாய் திறந்தாயிற்று என்பது பொருள். எழுத்து ஜெர்மனில் 'அன்' என்று தொடங்க வேண்டிய சொல், பவேரியர் வாயில் 'ஓ' என்றாகிவிடுகிறது. மேயருடன் சேர்ந்து அந்தச் சொற்களை மெல்ல உச்சரித்த மூதாட்டியின் கண்கள் நிறைந்திருந்தன. பன்னிரண்டு வெடிமுழக்கம் கேட்ட பிறகே மற்றக் கூடாரங்களில் ஊற்றத் தொடங்குவார்கள் என்றும், முதல் குவளை மாநில முதலமைச்சருக்குப் போகும் என்றும் அவர் எனக்கு விளக்கினார். ஒரு மாநிலத்தின் பெருவிழா எழுத்து வழக்கில் அல்லாமல் வட்டாரப் பேச்சில் திறந்துவைக்கப்படுவதை நான் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். மேடை ஏறியதும் செந்தமிழுக்கு மாறிவிடும் நமக்கு இது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

அடுத்த வாரம், உடன் பணிபுரியும் தோழி என்னை 'ஒய்டெ வீஸ்ன்' என்ற பழைய விழாத் திடலுக்கு அழைத்துச் சென்றாள். விழாவின் இருநூறாம் ஆண்டான 2010இல் அமைத்த பகுதி அது. கூச்சல் குறைவு, பித்தளை வாத்திய இசையும் தொடையிலும் காலணியிலும் தட்டி ஆடும் நாட்டுப்புற ஆட்டமும் அதிகம். நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களிடம் "இங்கே இடம் இருக்கிறதா?" என்று கேட்டு நெருக்கி உட்கார்ந்துகொள்வதுதான் முறை. அங்கே அவளுடைய தந்தையும் வந்து சேர்ந்துகொண்டார். நான் மது அருந்துவதில்லை என்று சொன்னதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோலாவும் ஆரஞ்சும் கலந்த 'ஸ்பெட்ஸி' வந்தது. குவளைகளை முட்டும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு லிட்டர் குவளையைக் குறிக்கும் சொல்லை நான் 'மாஸ்' என்று நீட்டிச் சொன்னேன். தந்தை தலையை அசைத்து, "மஸ்" என்றார். நீட்டினால் அது வெறும் 'அளவு' என்று பொருள்படும். வடக்கிலிருந்து வருகிறவர்களை இந்த ஓர் உயிரெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார். குறில், நெடில் என்று நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டு மறுபடி சொன்னதும் மேசையே கைதட்டியது. குவளையின் அடியில் ஆறிப்போய்க் கிடக்கும் கடைசி மிடறுக்குக்கூட 'நோவாகெர்ல்' என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்.

எல்லோரையும் அங்கே ஒருமையில்தான் அழைக்கிறார்கள். ஜெர்மனில் 'ஸீ' என்றால் நீங்கள், 'தூ' என்றால் நீ. மருத்துவமனையில் தவறாமல் 'ஸீ' சொல்லிப் பழகிய எனக்கு, தந்தை வயதுடையவரை 'தூ' என்பது கூச்சமாக இருந்தது. ஆல்ப்ஸ் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் 'ஸீ' கிடையாது என்று ஒரு வழக்கு உண்டு என்று சொல்லி அவர் என் கூச்சத்தைத் தணித்தார். எங்கள் கோத்தகிரி அதைவிட உயரம் என்றேன். அப்படியானால் நீ பிறந்ததிலிருந்தே 'தூ'தான் என்றார்.

பெண்கள் உடுத்தும் 'டிர்ண்டல்' பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கே சிறு பெண் என்றுதான் பொருள். பாவாடைக்கு முன்னால் கட்டும் துணியின் முடிச்சு இடப்பக்கம் இருந்தால் தனித்திருப்பவள், வலப்பக்கம் என்றால் துணை உள்ளவள், பின்னால் என்றால் கைம்பெண் அல்லது பரிமாறுபவள் என்பது இன்றைய வழக்கு. தன் பாட்டி காலத்தில் இப்படியொரு கணக்கு இருந்ததில்லை என்றாள் தோழி. ரயில் நிலையத்துக்கு அருகே விற்கும் மலிவான பளபளப்புத் துணிகளைப் பார்த்து அவள் முகம் சுருங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உடையை ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம், பேச்சை வாங்க முடியாது என்பதுதான் அவள் வருத்தம். மியூனிக் நகரப் பிள்ளைகளிடம் பவேரியப் பேச்சு வேகமாகக் குறைந்துவருகிறது. அருகிவரும் மொழிகள் என்று யுனெஸ்கோ வெளியிட்ட அட்டவணையில் பவேரிய மொழி இருக்கிறது. எங்கள் மலையின் தோடர், கோத்தர், படுகர் மொழிகளும் அதே அட்டவணையில் இருக்கின்றன.

இந்த ஜனவரியில் விடுப்பில் வந்தபோது, பேரகணி ஹெத்தையம்மன் விழாவுக்கு என் பள்ளித் தோழியின் வீட்டாருடன் போனேன். தமிழ் பேசும் நான், படுகர் ஊரான ஹட்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். வெள்ளை உடுத்திய கூட்டத்தின் நடுவே குனிந்து நின்றபோது தோழியின் தாயார் என் தலையில் கை வைத்து ஆசி சொன்னார். அந்தக் காட்சியை மியூனிக் தோழிக்கு அனுப்பி, படுகர் மொழியில் விழாவுக்கு 'ஹப்ப' என்று பெயர் என எழுதினேன். சற்று நேரத்தில் அவளுடைய குரல் பதிவு வந்தது: "ஹப்பா". தோழியின் தாயார் அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, கைபேசியை வாயருகே கொண்டுபோய், கடைசி எழுத்தைக் குறுக்கி, நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்.