நான் ஊட்டிய பிஸ்கட்

ஆறு வயதில் என் வகுப்புக்கு வந்தவன் அவன். ஆட்டிசம். பேச்சு கிடையாது. கூப்பிட்டால் திரும்பமாட்டான், நாற்காலியில் அரை நிமிடம் உட்காரமாட்டான். பதினைந்தாவது வயதில் எங்கள் சிறப்புப் பள்ளியின் எடை மெஷின் அவனுக்கு 84 கிலோ காட்டியது. உயரம் 162 சென்டிமீட்டர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவெல்லாம் குறட்டை என்று வீட்டில் சொன்னார்கள்.

அவன் அம்மாவை வரச்சொல்லி, நொறுக்குத்தீனியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்கதானே டீச்சர் சொல்லிக்குடுத்தீங்க, சொன்னதைச் செஞ்சா உடனே ஒரு பிஸ்கட் குடுக்கணும்னு. ஒம்போது வருசமா அதைத்தானே செய்யறேன்."

என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. இந்த வேலையில் எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இதில் என்னை அதிகம் உலுக்கிய வாக்கியம் அதுதான்.

நடத்தை மாற்றப் பயிற்சி என்று நாங்கள் படித்ததன் அடிப்படை, விரும்பிய பலன் கிடைக்கும் செயல் திரும்பத் திரும்ப வரும் என்பது. உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்து வரும் பாடம். பேச்சு வராத, பாராட்டைக் கண்டுகொள்ளாத சின்னக் குழந்தைக்கு உடனே பலன் தர உணவைப் போலக் கைக்கு எளிதானது வேறில்லை. உட்கார்ந்தால் ஒரு துண்டு, கண்ணைப் பார்த்தால் ஒரு துண்டு, படத்தை எடுத்துக் கொடுத்தால் ஒரு துண்டு. அப்படித்தான் அவன் உட்காரக் கற்றான், 'தண்ணீர்' படத்தைக் காட்டிக் கேட்கக் கற்றான். அதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் கற்றுக்கொண்ட பிறகு உணவைப் படிப்படியாக விலக்கி வேறு பலனுக்கு மாற்ற வேண்டும் என்பது அதே பாடத்தின் மறுபாதி. அந்தப் பாதியை நான் வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை. துண்டாக இருந்தது பாக்கெட்டாக வளர்ந்தது. பதினோரு வயதில், தன்னைத்தானே கடித்துக்கொள்வது அதிகமானபோது, மருத்துவர் ரிஸ்பெரிடோன் எழுதினார். அமெரிக்காவில் 2006 முதல் ஆட்டிசக் குழந்தைகளின் கடுமையான எரிச்சல் குணத்துக்கு அனுமதி பெற்ற மருந்து. கடிப்பது குறைந்தது, பசி கூடியது. பசியைக் கூட்டுவதும் எடையை ஏற்றுவதும் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள்தான். எங்கள் பிஸ்கட்டும் அந்தப் பசியும் சேர்ந்துகொண்டன.

அம்மா வந்துபோன மறுநாளே நான் செய்தது அடுத்த தவறு. வகுப்பில் பிஸ்கட்டை ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். கிடைத்துவந்த பலன் நின்றால் அந்த நடத்தை அடங்கும் முன் ஒருமுறை பொங்கும் என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். இரண்டாம் நாள் மேசையைக் கவிழ்த்தான். நாலாம் நாள் மணிக்கட்டைக் கடித்து ரத்தம். எங்கள் ஆயாம்மாதான் அவனை மடியில் சாய்த்துக்கொண்டு, "புள்ளைக்கு என்ன தெரியும் டீச்சர், நேத்து வரைக்கும் குடுத்தீங்க" என்றார்.

பிறகு ஒழுங்காக ஆரம்பித்தோம். ஒரு நோட்டில் மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கு என்ன கிடைத்தது. வீட்டுக்கும் ஒரு நோட்டு. மூன்று வாரம் எழுதியதும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மாலை ஆறு மணிக்கு அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுவான். அப்பா கையில் பஜ்ஜி, வடை என்று ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கும். இல்லாத நாளில் தலையைச் சுவரில் முட்டுவான். உடனே யாராவது கடைக்கு ஓடுவார்கள். முட்டினால் வடை வரும் என்று நாங்களே சொல்லிக்கொடுத்திருந்தோம்.

அவனுக்கு உணவைவிடப் பிடித்தது ஒன்று உண்டு: பஸ். 1959-இல் டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் எழுதிய கருத்து, ஒருவர் தானாக விரும்பிச் செய்யும் செயலையே, செய்யத் தயங்கும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்பது. சோறு சாப்பிட்டு முடித்தால் விளையாடப் போகலாம் என்று நம் பாட்டிகள் செய்ததும் இதுதான். பைக் சத்தம், அப்பா, செருப்பு, பேருந்து நிலையம், பஸ், வீடு, தட்டு என்று படங்களை வரிசையாக ஒட்டி ஒரு அட்டை செய்தோம். பைக் சத்தம் கேட்டதும் செருப்பு மாட்டிக்கொண்டு அப்பாவோடு நடக்க வேண்டும். முதல் வாரம் தெருமுனை வரை போய் நின்று, ஒரு டவுன் பஸ் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டு மாதத்தில் பேருந்து நிலையம் வரை, போக வர ஐம்பது நிமிடம். நாள் முழுக்க கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு வரும் அந்த மனிதர் ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

சாப்பாட்டிலும் நோட்டு உதவியது. அவன் காய் தொடமாட்டான். சிப்ஸ், அப்பளம், முறுக்கு மட்டும். எண்ணெய்ப் பண்டத்தின் மேல் ஆசை என்று நினைத்திருந்தோம். பட்டியலைத் திரும்பப் படித்தபோது, அவன் கேட்டது மொறுமொறுப்பை என்று புரிந்தது. குழைந்த எதையும் அவன் நாக்கு ஏற்கவில்லை, அவ்வளவுதான். பொரி, வறுத்த கொண்டைக்கடலை, வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய், பச்சைக் கேரட். கேரட் முதலில் அவன் தட்டில் இல்லை, பக்கத்துத் தட்டில். பிறகு தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது. கடித்த நாள் வரை நாலு மாதம் ஆனது.

நோட்டைப் பார்த்த மருத்துவர் மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்து குறைத்தார். இதை அழுத்திச் சொல்கிறேன்: மருந்தை நாங்கள் தொடவில்லை, பெற்றோரும் தானாக நிறுத்தவில்லை. ஒரு வருடத்தில் எடை 81, உயரம் 166. மூன்று கிலோதான் குறைந்ததா என்று சிலருக்கு ஏமாற்றம். எனக்கு அந்த வருடம் படி ஏறியும் அவனுக்கு மூச்சு வாங்காததே போதுமாக இருந்தது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்ணின் கதை வேறு. பதினேழு வயது. அவளுக்கு ஊட்டாத கை தெருவில் இல்லை. "பாவம், அது வேற என்னத்தைக் கேக்கப்போவுது" என்று பாட்டி முதல் பெட்டிக்கடைக்காரர் வரை. டவுன் சிண்ட்ரோமில் தசைகள் தளர்வாக இருக்கும், தைராய்டு குறைபாடும் அதிகம் வரும். அதனால் பயிற்சி பேசுவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். தைராய்டு குறைவாகத்தான் இருந்தது. அவளை வெறுமே சோம்பேறி என்று ஒரு வருடம் சொல்லிவந்தோமே என்று இன்றும் வலிக்கிறது. லியனார்ட் எப்ஸ்டீன் என்ற உளவியலாளர் உருவாக்கிய சிக்னல் விளக்கு முறையை நம் சாப்பாட்டுக்கு மாற்றி அவளுக்குக் கொடுத்தோம்: கீரை, காய், சுண்டல் பச்சை, இட்லி, சோறு மஞ்சள், பூரி, மைசூர்பாகு சிவப்பு. இரண்டே வாரத்தில் அவள் எங்களுக்கு வாத்தியார் ஆகிவிட்டாள். விருந்தாளி ஸ்வீட் பாக்ஸ் நீட்டினால் "செவப்பு!" என்று கையை மடக்கிக்கொள்வாள்.

ஒரே ஒரு பிள்ளையிடம் இவை எதுவும் செல்லவில்லை. பிரேடர்–வில்லி சிண்ட்ரோம். 15-ஆவது குரோமோசோமில் உள்ள மாறுதலால் வருவது. மூளைக்கு 'வயிறு நிறைந்தது' என்ற செய்தியே சரியாகச் சேராது. அங்கே பரிசைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சமையலறைக்குப் பூட்டு, சுவரில் சாப்பாட்டு நேர அட்டவணை. பூட்டுப் போட்ட அன்று அவள் அம்மா அழுதார். ஆனால் அடுத்த சாப்பாடு எப்போது, எவ்வளவு என்பது உறுதியானதும் குழந்தையின் பதற்றம்தான் முதலில் தணிந்தது.

வீடுகளைத் திருத்தக் கிளம்பிய எங்களுக்குப் பள்ளியைத் திருத்துவது அதைவிடக் கடினமாக இருந்தது. எங்களைப் போன்ற பள்ளிகள் நல்ல மனிதர்களின் கொடையில் நடப்பவை. பிறந்தநாள், கல்யாணநாள், அப்பாவின் திதி எல்லாவற்றுக்கும் ஒருவேளைச் சாப்பாடு. புரட்டாசி மகாளய பட்சத்தில் தேதி கேட்டு வரிசை நிற்கும். ஒரே வாரத்தில் மூன்று விருந்து, பாயசம், ஜாங்கிரி, போகும்போது ஆளுக்கொரு சாக்லேட். முட்டி வலியோடு நடக்கும் பிள்ளைகளுக்கு. அறுபது பிள்ளைகளில் இருபத்திரண்டு பேர் இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் அதிக எடைக் கோட்டுக்கு மேலே இருந்தார்கள்.

கொடையாளர் ஒருவரிடம் இனிப்பு வேண்டாம் என்றேன். "வாய்க்கு ருசியா ஒருநாள் சாப்பிடட்டும்னுதாம்மா. இதுங்களுக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு?" என்றார். அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. வேறு சந்தோஷம் இவர்களுக்கு உண்டு என்று நாமே நம்பாததால்தான் தட்டை நிரப்புகிறோம். அவரை மாலை நாலு மணிக்கு வரச்சொல்லி, பிள்ளைகள் பந்து எறிவதைக் காட்டினேன். "செவப்பு!" சொல்லும் அந்தப் பெண் நாலு தடவை அவரிடமே பந்தை வீசினாள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். அடுத்த வருடம் அப்பா திதிக்குச் சாம்பார் சாதமும் சுண்டலும், கூடவே ஒரு டஜன் பந்தும் வந்தன. எல்லாரும் அப்படி இல்லை. இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதங்களில் மளிகைக் கணக்கு இடித்தது.

முதலில் சொன்ன பிஸ்கட் பையனுக்குப் பதினெட்டு முடிந்து, இப்போது எங்கள் தொழிற்பயிற்சிப் பிரிவில் காகிதக் கவர் ஒட்டுகிறான். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலை. அப்பாவுக்கும் முழங்கால் பிரச்சினை, மாலை நடை வாரத்தில் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. அதனால் போன மாதம் கூடத்தை மாற்றி அடுக்கினோம். காகிதம் வாசல் பக்கத்து மேசையில், பசை நடுவில், முடிந்த கவர் போடும் பெட்டி அந்தக் கோடியில். ஒவ்வொரு கவராகத்தான் கொண்டுபோய்ப் போடுவான். சேர்த்து எடுத்துப்போகச் சொல்லி யாரும் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது என்று ஆயாம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பெட்டியின் மேல் ஒரு பஸ் படம். நேற்று எண்ணிப் பார்த்தேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முப்பத்தெட்டு தடவை போய்வந்திருந்தான்.