கையை மாற்றிப் பிடி

25 செப்டம்பர் 2024, புதன்

பெரியவன் பள்ளியின் 19 வயதுக்குட்பட்டோர் ஹர்லிங் அணியில் சேர்ந்துவிட்டான். ஹர்லிங் என்பது இங்கே அயர்லாந்தில் ஆடும் மட்டைப் பந்தாட்டம். ஜெர்சி எண் 24. இந்த ஆட்டத்தில் எண்ணைப் பார்த்தாலே ஆளின் இடம் தெரிந்துவிடும். 1 என்றால் கோல்கீப்பர், 6 என்றால் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன், 14 என்றால் எதிரணி கோலுக்கு நேர் முன்னால் நிற்பவன். 15-ஐத் தாண்டினால் பெஞ்ச். 24 என்றால் பெஞ்சிலும் ஓரமான பெஞ்ச்.

கோவில்பட்டிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஹாக்கி மாதிரிதானய்யா?"

மாதிரிதான் என்று சொல்லிவைத்தேன். வேறு எப்படிச் சொல்வது?

9 அக்டோபர் 2024, புதன்

லீக் சுற்றில் முதல் ஆட்டம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். இங்கே பள்ளி ஆட்டங்கள் வார நாளில், மதிய நேரத்தில்தான் நடக்கும். கம்பி வேலியோரம் இருபது பேர் இருந்தால் அதிகம். பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், மீதி என்னைப் போல ஆபீசுக்கு ஏதோ காரணம் சொல்லிவிட்டு வந்த அப்பாக்கள்.

டிப்பரேரிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மனைவிக்கு லிமெரிக்கில் நர்ஸ் வேலை, எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. டிவியில் பெரிய ஆட்டங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனாலும் வேலியை ஒட்டி நின்று பார்க்கும்போது வயிறு பிசைகிறது. மட்டையைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார்கள். பந்தைக் காலால் உதைக்கிறார்கள், கையால் பிடிக்கிறார்கள், மட்டையின் இரண்டு பக்கத்தாலும் அடிக்கிறார்கள். எங்கள் ஊர் ஹாக்கி நடுவர் வந்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே மூச்சு வாங்கி விசிலைக் கீழே போட்டிருப்பார். அங்கே தப்பு என்று எதற்கெல்லாம் ஊதுவாரோ, அதெல்லாம்தான் இங்கே ஆட்டமே. இங்கே தப்பு வேறு: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் போகக் கூடாது, கையால் எறியக் கூடாது. தட்டித்தான் கொடுக்க வேண்டும். இன்னும் தூரம் ஓட வேண்டுமென்றால் பந்தை மட்டையின் நுனியில் ஏந்திக்கொண்டு ஓடலாம். அதைப் பசங்க சகதியில், இரண்டு பேர் இடித்துக்கொண்டு வரும்போது செய்கிறார்கள்.

1-9 க்கு 0-17 என்று தோற்றோம். இந்த எண்ணில் கோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், ஒன்றுக்கு மூன்று புள்ளி. பின்னால் இருப்பது எச் வடிவக் கம்பத்தில் குறுக்குக் கட்டைக்கு மேலே போன பந்துகள், ஒன்றுக்கு ஒரு புள்ளி. அதாவது 12 க்கு 17. கோலுக்குப் பச்சைக் கொடி, புள்ளிக்கு வெள்ளைக் கொடி ஆட்டுவார்கள். இன்று வெள்ளைக் கொடிக்காரர் கை ஓய்ந்து போயிருக்கும்.

24-ஆம் எண் ஜெர்சி போனபடியே சுத்தமாக வீடு திரும்பியது. ஆனாலும் துவைத்துப் போட்டேன்.

19 அக்டோபர் 2024, சனி

பயிற்சியில் பெரியவனின் ஹர்லி உடைந்துவிட்டது. மட்டையை இங்கே ஹர்லி என்பார்கள். நுனியில் அகன்று தட்டையாக, தோசைத் திருப்பியை நீட்டி விட்டது போல இருக்கும். புதிது வாங்க மட்டை செய்பவரின் பட்டறைக்குப் போனோம்.

பட்டறை முழுக்க மரத்தூள் வாசம். ஹர்லி ஆஷ் மரத்தில்தான் செய்வார்கள், அதுவும் அடிமரத்தில், வேர் பிரியும் இடத்தில். அங்கே மரத்தின் ரேகை நேராக வந்து வேரோடு வளையும். மட்டையின் வளைவும் அதே வளைவாக இருக்க வேண்டும். ரேகையை வெட்டிக்கொண்டு செதுக்கினால் முதல் மோதலிலேயே தெறித்துவிடும். ஒரு பலகையை வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் அந்த ரேகையைத் தடவிக் காட்டினார். எங்கள் ஊரில் தச்சாசாரி வேப்பம்பலகையை இப்படித்தான் தடவிப் பார்ப்பார்.

மரத்துக்குத்தான் இப்போது பஞ்சம். 2012-ல் லீட்ரிம் மாவட்டத்தில் முதலில் கண்ட பூஞ்சை நோய் நாடு முழுக்கப் பரவி, ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து கருகிக்கொண்டு வருகின்றன. பட்டறைக்கு வருவதில் பெரும்பகுதி வெளிநாட்டு மரமாம். மூங்கிலில் செய்த ஹர்லிகளும் கடைக்கு வந்துவிட்டன. பெரியவன் அதில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான்.

தரையிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்து 34 அங்குலம் எடுத்துக் கொடுத்தார். இவன் இரண்டு முறை வீசிப் பார்த்தான். அப்போதுதான் அவர் கேட்டார்: "தம்பி இடதுகைக்காரனா?"

இல்லை, வலதுகைதான்.

"அப்படியென்றால் கை மாறியிருக்கிறதே."

ஹர்லிங்கில் பலமான கை மேலே இருக்க வேண்டும். வலதுகைக்காரனுக்கு வலது கை மேலே, இடது கை கீழே. ஹாக்கியில் அப்படியே தலைகீழ்: எவனாக இருந்தாலும் இடது கை மேலே. இவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது கோவில்பட்டியில் மட்டையைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. காரில் வரும்போது பெரியவன் சொன்னான்: "கோச்சும் இதைத்தான்ப்பா சொல்லிட்டே இருக்கார். மாத்திப் பிடிச்சா அடி வரமாட்டேங்குது."

ஆக, பெஞ்சுக்குக் காரணம் நான்தான்.

1 நவம்பர் 2024, வெள்ளி

நேற்று தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. இந்த நாட்டில் பட்டாசு வெடிப்பது சட்டவிரோதம். ஆனாலும் ராத்திரி சுற்றுவட்டாரம் முழுக்க வெடிச்சத்தம். நான் மட்டும் சட்டத்தை மதித்து வீட்டுக்குள் அதிரசம் தின்றுகொண்டிருந்தேன்.

பள்ளி விடுமுறை என்பதால் இன்று தர்லெஸ் போனோம். 1884-ல் இதே நவம்பர் 1 அன்று, லிபர்ட்டி சதுக்கத்தில் இருக்கும் ஹேய்ஸ் ஹோட்டலில்தான் ஹர்லிங்கை நடத்தும் ஜி.ஏ.ஏ. சங்கம் தொடங்கியது. சரியாக 140 வருஷம். மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியரும் மோரிஸ் டேவின் என்ற தடகள வீரரும் முன்னால் நின்றார்கள். காஷல் பேராயர் தாமஸ் குரோக் புரவலரானார். டப்ளினில் இருக்கும் பெரிய மைதானத்துக்கும் அவர் பேர், அகில அயர்லாந்துப் பள்ளிக் கோப்பைக்கும் அவர் பேர். அந்தக் கோப்பையைக் கில்கென்னியின் செயின்ட் கீரன்ஸ் பள்ளி மட்டும் இருபது தடவைக்கு மேல் தூக்கியிருக்கிறது. எங்கள் மன்ஸ்டர் மாகாணப் பள்ளிகளுக்கு அதற்கு முந்திய கனவு ஹார்ட்டி கோப்பை, 1918-லிருந்து நடப்பது. அதுவும் ஒரு பேராயர் பேரில்தான். எங்கள் பள்ளி ஆடுவது அதற்கும் ஒரு படி கீழே, பி பிரிவில். ஆனால் பசங்க பேச்சில் பி என்ற எழுத்தே வராது.

ஹோட்டல் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். சின்னவளுக்குக் குளிர். சிப்ஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தேன்.

13 நவம்பர் 2024, புதன்

0-14 க்கு 1-10. ஒரு புள்ளியில் ஜெயித்துக் காலிறுதிக்குப் போய்விட்டோம். பெரியவன் இறங்கவில்லை. தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு எல்லாரையும் விட அதிகமாக ஓடினான்.

8 டிசம்பர் 2024, ஞாயிறு

டாரா புயல் ஓய்ந்ததும் பெரியவன் வெளியே போய்விட்டான். பின்சுவரில் டொக், டொக் என்று ஒரு மணி நேரமாகச் சத்தம். பந்துக்கு ஸ்லிட்டர் என்று பேர். உள்ளே கார்க், மேலே தோல், தையல் விளிம்பு புடைத்துக்கொண்டிருக்கும். பார்க்கக் கிரிக்கெட் பந்து அளவுதான், எடை அதைவிடக் குறைவு. வலது கையை மேலே வைத்து நூறு அடி அடிக்க வேண்டும் என்று கோச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பது வரை ஒழுங்காக அடித்தான். அதற்கப்புறம் இருட்டில் கை தானாக மாறிவிட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

6 ஜனவரி 2025, திங்கள்

பனி. பள்ளி திறக்கவில்லை, மைதானம் எங்கே என்றே தெரியவில்லை. சின்னவள் பனிமனிதன் கையில் அண்ணன் ஹர்லியைச் செருகிவைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

15 ஜனவரி 2025, புதன்

காலிறுதி. நேற்றுத்தான் பொங்கல். ஊரிலிருந்து வந்த பார்சலில் கடலைமிட்டாய் இருந்தது. கோவில்பட்டிச் சரக்கு, புவிசார் குறியீடு வாங்கிய அசல். இடைவேளையில் பசங்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு டப்பா நிறைய எடுத்துப் போனேன். மூடியைத் திறந்ததும் கோச் ஓடிவந்து கையால் மூடிவிட்டார். அணியில் ஒருவனுக்குக் கடலை ஒவ்வாமை, பள்ளியிலேயே கடலைக்குத் தடை. எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. அப்புறம் வேலியோரம் நின்ற பெரியவர்களுக்குக் கொடுத்தேன். பக்கத்துப் பண்ணைத் தாத்தா மூன்று எடுத்து ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாட்டுக்கா என்று கேட்டேன். தனக்கேதானாம், பால் கறக்கும் நேரத்துக்கு.

ஆட்டம் அறுபது நிமிஷம் முடிந்தபோது 1-13 க்கு 0-16, சமநிலை. கூடுதல் நேரம் பத்துப் பத்து நிமிஷம். அதில் நம் பையன் ஒருவன் அடித்த நீளப் பந்து கீப்பர் மட்டையில் பட்டுச் சறுக்கி உள்ளே போக, 2-17 க்கு 0-20 என்று அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

கடைசி நாலு நிமிஷம் பெரியவனை இறக்கினார்கள். இரண்டு முறை பந்தை நோக்கி ஓடினான். இரண்டு முறையும் வேறொருவன் எடுத்துவிட்டான்.

போனில் அம்மா: "பந்தத் தொட்டானா?"

"பக்கத்துல போனான்."

"அது போதும், விடு. அடுத்த தடவ தொட்டுட்டுப் போறான்."

24 ஜனவரி 2025, வெள்ளி

எயோவின் புயல். நாடு முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, யாரும் வெளியே வரக் கூடாது. கால்வே கரையில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி, 1945-ல் ஃபாயின்ஸில் பதிவான சாதனையை உடைத்துவிட்டது. ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை, அதில் நம்முடையதும் ஒன்று. மனைவி நேற்று ராத்திரி டியூட்டிக்குப் போனவள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

26 ஜனவரி 2025, ஞாயிறு

பாதை வளைவில் நின்ற பெரிய ஆஷ் மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. தாத்தா சங்கிலி ரம்பத்தோடு வந்தார். அடிமரத்தைப் பார்த்ததும் பெரியவனுக்குக் கண் விரிந்தது: வேர் பிரியும் இடம், அந்த வளைவு. எத்தனை ஹர்லி வரும் என்று கேட்டான்.

தாத்தா ஒரு துண்டு அறுத்து அவன் கையில் கொடுத்தார். நடுவில் பழுப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை. முழங்காலில் வைத்து அமுக்கினான், பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

"அடுப்புக்குத்தான்" என்றார்.

அவருடைய அப்பா அந்த மரத்தடியில் ஹர்லிக்கென்றே நாலு கன்று நட்டாராம். நாலும் போய்விட்டன என்று சொல்லிக்கொண்டே ரம்பத்தை மறுபடி இழுத்துவிட்டார். வேறு எதுவும் கேட்க முடியவில்லை, அவ்வளவு சத்தம்.

5 பிப்ரவரி 2025, புதன்

அரையிறுதி. வாரம் முழுக்கப் பெய்த மழையில் கோலுக்கு முன்னால் களம் நாற்றங்கால் மாதிரி இருந்தது. பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துகொண்டது.

ஐம்பதாவது நிமிஷம் 24-ஆம் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் தாத்தாவின் கையைப் பிடித்துவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அப்போது 0-12 க்கு 1-11, இரண்டு புள்ளி பின்னால். கடைசி நிமிஷங்களில் ஒரு பந்து அவர்கள் கோலுக்கு முன்னால் சகதியில் விழுந்தது. ஏழெட்டுப் பேர் சுற்றிக் குவிந்துவிட்டார்கள். எல்லாரும் மட்டை நுனியை அடியில் விட்டுப் பந்தைத் தூக்கப் பார்க்கிறார்கள். இப்போதைய ஆட்டம் அப்படித்தான்: எடு, கையில் பிடி, பார்த்து அடி. பந்து எழவே இல்லை. பெரியவன் ஓரத்திலிருந்து வந்தான். தூக்கப் பார்க்கவில்லை. இடது கை மேலே, வலது கை கீழே, முழங்காலை மடக்கித் தரையோடு ஒரு வீச்சு. சகதி விசிறியது. கோவில்பட்டி அடி. அதில் சந்தேகமே இல்லை.

பந்து கீப்பரின் முழங்காலுக்குக் கீழே பட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போனது. கோல் இல்லை. தடுத்தவர் மேல் பட்டு வெளியே போனால் 65 மீட்டர் கோட்டிலிருந்து ஓர் அடி கிடைக்கும். அதை எங்கள் நடு ஆட்டக்காரன் கட்டைக்கு மேலே அனுப்பினான், வெள்ளைக் கொடி. கீப்பர் பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் அடித்ததும் விசில். 0-13 க்கு 1-11. ஒரு புள்ளி.

பசங்க அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குத் தொண்டையை அடைத்தது. தாத்தாவோ என் தோளில் அடித்துக்கொண்டே இருந்தார். தரையில் வைத்து அடிக்கிற அடியைப் பார்த்து வருஷக்கணக்காகிறதாம். அவர் ஆடிய காலத்தில் எல்லாரும் அப்படித்தான் அடிப்பார்களாம். இப்போது யாருக்கும் வராது, யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. "இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார்.

இந்தத் தடவை சொன்னேன்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை மெஷினில் போட்டும் 4-இன் மேல் சேறு போகவில்லை. மனைவி சோப்புக் கட்டியால் கையில் தேய்த்துக் கொண்டிருக்கிறாள்.

கோச் இவனிடம், அடுத்த சீசனுக்குள் வலது கையை மேலே கொண்டுவந்தே ஆக வேண்டும், ஆனால் மழை நாளுக்கு மற்றதையும் மறந்துவிடாதே என்றாராம். இதைச் சொல்லும்போது பெரியவன் சுவரில் சாய்ந்து நின்றான். எதற்கும் இருக்கட்டும் என்று ஹர்லியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பிடியின் முனை இடுப்பெலும்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. 35 வாங்க வேண்டும். நாற்பது யூரோவுக்கு மேல் ஆகும்.

பேசி முடிப்பதற்குள் சின்னவள் பழைய 34-ஐத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். பெண்கள் ஆடினால் இதே ஆட்டத்துக்குக் கமோகி என்று பேர், அவள் பள்ளியில் அடுத்த வாரம் ஆள் எடுக்கிறார்களாம். மட்டை அவள் நெஞ்சு உயரத்துக்கு வருகிறது. எந்தக் கை மேலே என்று அங்கிருந்தே கத்திக் கேட்கிறாள்.