தவழ்ந்தால்தான் பேஸ் வரும்

கும்பகோணம், மாயவரம் பக்கம் ஒரு வீட்டில் ஹோம் தியேட்டர் வந்து இறங்கினால் முதலில் நடப்பது இடத் தகராறு. குட்டி ஸ்பீக்கர் ஐந்தையும் எங்கே மாட்டினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய பெட்டியான சப்வூஃபர்தான் நெல் மூட்டை மாதிரி கூடத்தில் குந்திக்கொண்டிருக்கும். "அந்த மூலையில தள்ளுப்பா, கால்ல இடிக்குது" என்பார் அத்தை. தள்ளியாயிற்று. பாட்டைப் போட்டால் பாட்டு கேட்காது, அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் தட்டுதான் கேட்கும்.

மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிவிடும். ஒவ்வொன்றுக்கும் 6 டெசிபல் வரை ஏறும். அறை நீளம் 12 அடி என்றால் 47 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் தனியாகக் குமுறும். சோபா அறையின் நட்டநடுவில் இருந்தாலோ அதே 47 காணாமல் போய்விடும்.

இடம் பிடிக்க வழி உண்டு, கொஞ்சம் மானம் போகிற வழி. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவில் வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழுங்கள். எங்கே எதுவும் குமுறாமல், எதுவும் தொலையாமல் கேட்கிறதோ அங்கே பெட்டி. ஜன்னல் வழியே பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் "என்ன தம்பி, மோதிரம் விழுந்துடுச்சா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்கிற எல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். 80 ஹெர்ட்ஸ் என்று எங்கேயோ கேட்டு அதையே வைப்பார்கள். அது 5 அங்குல ஸ்பீக்கருக்குச் சரி. 3 அங்குலக் குட்டி அவ்வளவு கீழே இறங்காது. அதற்கு 120, சிலவற்றுக்கு 150. குறைத்து வைத்தால் நடுவில் பள்ளம் விழுந்து, ஆண் குரலெல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்கும். 150-க்கு ஏற்றினால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். அப்போது தவழும் எல்லை முன் ஸ்பீக்கர்களுக்கு நடுவிலேயே முடிந்துவிடும்.

எல்லாப் பெட்டிக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் ஸ்பீக்கர் எல்லாம் 'ஸ்மால்' என்று இருக்கட்டும், அப்போதுதான் அவற்றின் பேஸ் சப்வூஃபருக்குப் போகும். சப்வூஃபர் முதுகில் இருக்கிற கிராஸ்ஓவர் குமிழை உச்ச அளவு வரை திருப்பிவிடுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால், ஒருவர் அறுத்த வயலில் இன்னொருவர் கதிர் அரிவாளோடு இறங்கிய கதைதான்.

சோதித்துப் பார்க்க ஒரு தவில் பதிவு போதும். டெல்டா காதை ஏமாற்ற முடியாது. தவிலின் கனத்த பக்கமான தொப்பியில் கழி பட்டதும் 'தொம்' வந்து, வந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வால் மாதிரி இழுத்தால் இடம் சரியில்லை. அடி கேட்டு 'தொம்' மெலிந்திருந்தால் சப்வூஃபரின் ஒலி அலை மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்து போகிறதா, எதிர்த்துப் போகிறதா என்பதை மாற்றும் ஃபேஸ் சுவிட்சை 0-லிருந்து 180-க்குத் தட்டிப் பாருங்கள். எதில் கனமாக வருகிறதோ அதுவே சரி. பேஸ் வேறு, ஃபேஸ் வேறு, கடையிலேயே குழப்புவார்கள்.

'ஞொய்' என்று ஓயாமல் இரைந்தால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் சேர்ந்து நடுவில் சுற்றும் மின்சாரம் போடும் இரைச்சல். டிவி, ரிசீவர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே போர்டில் செருகுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒடித்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, பெட்டியில் இருக்கிற காற்றுத் துளை. அறுவடை முடிந்தால் வயல் எலிக்கு அது வாடகையில்லா வீடு. ஓடாத நேரத்தில் துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள். படம் போட்டதும் பேஸ் மெலிந்து கேட்டால், மறுபடி தவழத் தொடங்குமுன் அந்தத் துணியை எடுத்தாயிற்றா என்று பாருங்கள்.